இரண்டு ஆறு மணி

சிவப்பு விளக்கு எரியத் தொடங்கினால் இருமக்கூடாது, கதிரையை இழுக்கக்கூடாது என்று ஒரு பெண் மேடைக்கு வந்து சிரித்தபடி சொல்லிவிட்டுப் போனாள். கைதட்டலாம், ஆசைதீரத் தட்டலாம், நாடு முழுக்கக் கேட்கும் என்றும் சொன்னாள். அவள் அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்குத் தொண்டை அரிக்கத் தொடங்கியது.

ரொறன்ரோ நகரின் நடுவில், பொது வானொலி நிலையத்தின் இசை மண்டபம். கோடைகாலத்துச் சனிக்கிழமை. பின்னேரம் ஏழு மணியாக இன்னும் சில நிமிடங்கள். வெளியே வெயில் இறங்கவில்லை. உள்ளே குளிரூட்டியின் குளிர் தாங்காமல் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு இருந்தேன். மரத் தரையில் புதிதாக மெழுகு பூசிய மணம். மேடை முழுக்கக் கறுப்பு வயர்கள்.

எனக்குப் பக்கத்தில் இவர், என் புருஷன், மடியில் ஒரு பிளாஸ்டிக் பையோடு. மேடையின் ஓரத்தில், திரைக்குப் பக்கத்தில் போட்டிருந்த கதிரையில் அன்ரன். காலையில் நான் ஸ்திரிக்கை போட்டுக் கொடுத்த வெள்ளைச் சேட்டு. சேட்டுப் பையில் ஒரு கரண்டிக் காம்பு.

வந்திருந்த சனம் எல்லாம் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் சுவரில் இருந்த பெரிய மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்று மத்தியானம் வரை எங்களுக்கும் மணிக்கூட்டுக்கும் ஒரு பகையும் இருந்ததில்லை.

கீழ் வீட்டு அன்ரன்

இந்தத் தொடரை விடாமல் வாசிப்பவர்களுக்கு ஸ்காபரோவில் நாங்கள் முதன்முதல் வாங்கிய வீட்டைத் தெரியும். போன கிழமை அந்த வீட்டு வாசலில் பனியில் சறுக்கி விழுந்ததை எழுதியிருந்தேன். இடுப்பு இப்போது சுகமோ என்று இரண்டு பேர் தொலைபேசியில் விசாரித்தார்கள். விழுந்து முப்பது வருடமாகிறது, சுகம்தான்.

அந்த வீட்டின் பேஸ்மன்றில் வாடகைக்கு இருந்தவன் அன்ரன். குருநகர்ப் பெடியன். பெடியன் என்று எழுதுகிறேனே தவிர, அப்போதே அவனுக்கு முப்பது தாண்டியிருக்கும். ஊரில் கோயில் பெருநாட்களுக்கும் கலியாண வீடுகளுக்கும் போகிற இசைக்குழு ஒன்றில் கிற்றார் வாசித்தவன். இங்கே குயீன் வீதியில் ஒரு பாரின் குசினியில் கோப்பை கழுவினான்.

மனைவி றீற்றா ஊரில். கலியாணம் கட்டி ஒரு வருடம் ஆகமுதலே இவன் வெளிக்கிட வேண்டி வந்துவிட்டது. இங்கே அகதி வழக்கு இழுபட்டு இழுபட்டு ஒருவாறு முடிந்து, இனி அவளைக் கூப்பிடலாம் என்ற நேரம் பார்த்து யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. அவள் வன்னிக்குப் போய், அங்கிருந்து மடு மாதா கோயிலடி முகாமுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

ஆளால் ஒரு தொந்தரவும் இல்லை. வேலையால் வந்து குளித்துவிட்டுக் கிற்றாரை எடுத்தால், சூடு ஊதுகிற ஓட்டைகளுக்குள்ளால் அந்தச் சத்தம் மேலே என் குசினிக்கு வரும். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு நிற்பேன். கண் எரிவது வெங்காயத்தாலா அவனாலா என்று சில நாளில் எனக்கே தெரியாது.

கரண்டிக் காம்புக்கு ஒரு கதை உண்டு. ஊரில் ஒரு கலியாண வீட்டில், நாதஸ்வரக்காரர் வாசித்ததை உன் கிற்றாரில் வாசி பார்ப்போம் என்று யாரோ அவனைச் சீண்டியிருக்கிறார்கள். விரலால் அந்த வளைவுகள் வரவில்லை. பந்தியில் கிடந்த கரண்டி ஒன்றை எடுத்து அதன் காம்பைத் தந்தியில் வைத்து இழுத்தானாம். வந்துவிட்டது. பிறகு கரண்டியின் வாயை முறித்து எறிந்துவிட்டுக் காம்பை மட்டும் வைத்துக்கொண்டான். கனடாவுக்கு வருகிற வழியில் ஏஜென்சிக்காரன் கடவுச்சீட்டைப் பறித்துக்கொண்டான், காம்பை விட்டுவிட்டான்.

க்ளீவ்

அந்தப் பாரில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் புளூஸ் பாடுகிறவர் க்ளீவ். அறுபது தாண்டிய கறுப்பு மனிதர், நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர். தொப்பியைக் கழற்றி நான் கண்டதே ஒரேயொரு தரம்தான், அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரு நாள் வாசித்துக்கொண்டிருக்கும்போது, தந்தியில் இழுக்க அவர் விரலில் போட்டிருந்த கண்ணாடிக் குழல் கீழே விழுந்து நொறுங்கிப் போனது. அவர் அங்கும் இங்கும் தேட, குசினிக் கதவைத் திறந்துகொண்டு ஈரக் கையோடு வந்த அன்ரன் தன் கரண்டிக் காம்பை நீட்டினான். க்ளீவ் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, காம்போடு சேர்த்துக் கிற்றாரையும் அவன் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு சனியும் இருவரும் சேர்ந்து ஒரு பாட்டு. குசினி முதலாளி கத்துவதை நிற்பாட்டவில்லை, இவர்களும் நிற்பாட்டவில்லை.

க்ளீவ் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் சாப்பிட்டு வியர்த்து வடிய வடிய, இன்னும் கொஞ்சம் என்று கேட்பார். என் புருஷன் யாழ்ப்பாண ரயில் நிலையத்தில் கிளாக்காக இருந்தவர். க்ளீவின் அப்பா கனடா ரயில்களில் படுக்கைப் பெட்டிகளைக் கவனிக்கும் வேலை செய்தவர். இரண்டு பேரும் ரயிலைப் பற்றியே பேசுவார்கள். இவருடைய ஆங்கிலம் அவருக்குப் பாதி விளங்காது, அவருடையது இவருக்கு முழுக்க விளங்காது. ஆனால் விடியும்வரை இருந்தாலும் கதை முடியாது.

எனக்குத்தான் அந்த இசை முதலில் பிடிபடவில்லை. ஒரு வரியைப் பாடுகிறார்கள். பிறகு அதே வரியை அப்படியே இன்னொரு தரம் பாடுகிறார்கள். மூன்றாவதாகத்தான் புதிதாக ஒன்று வருகிறது. ஒருத்தி விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்பது ஒரு தரம் சொன்னாலே விளங்குமே என்று அவரிடம் கேட்டேவிட்டேன். எனக்கு அப்படி வாய்.

முதல் தரம் சொல்லும்போது யாரும் சரியாகக் கேட்பதில்லை என்றார் க்ளீவ். இரண்டாம் தரம் சொன்னால்தான், இந்த ஆள் உண்மையாகச் சொல்கிறான் என்று தெரியுமாம். பதில் அதற்குப் பிறகுதான் வருமாம்.

சரி, எதையோ சொல்லிச் சமாளிக்கிறார் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பொம்பிளை

றீற்றாவின் கடிதங்கள் மெல்ல மெல்லக் குறைந்து நின்றன. பிறகு நாலே நாலு வரியில் ஒன்று வந்தது. அன்ரன் ஸ்காபரோவில் ஒரு பொம்பிளையோடு இருக்கிறானாம். இங்கேயிருந்து யாரோ ஒரு புண்ணியவான் ஊருக்கு எழுதியிருக்கிறான். தனக்குக் கோபமில்லை என்றும், இனித் தன்னைக் கூப்பிட மினக்கெட வேண்டாம் என்றும் எழுதியிருந்தாள்.

அந்தப் பொம்பிளை நான்தான். ஸ்காபரோவில் அவன் ஒரு பொம்பிளையின் வீட்டில் இருந்தது உண்மை. அந்தப் பொம்பிளைக்கு ஒரு புருஷனும் இரண்டு பிள்ளைகளும் ஒரு சொத்தைப் பல்லும் இருந்ததை எழுத அந்தப் புண்ணியவானுக்கு மை முடிந்துபோய்விட்டது. ஆரெண்டு தெரிந்திருந்தால் அவனுடைய வீட்டு வாசலில் போய் நின்று கேட்டிருப்பேன். இன்றைக்கும் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை.

அன்ரன் மாறி மாறிப் பதில் எழுதினான். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. நானும் ஒன்று எழுதட்டுமா என்று கேட்டேன். அவன் தலையாட்டி மறுத்தான்.

“கடதாசியிலை ஆரும் எதையும் எழுதலாம் அக்கா. நான் எழுதினதும் கடதாசிதான், அவன் எழுதினதும் கடதாசிதான்.”

அந்த நேரத்தில்தான் பொது வானொலி ஒரு புளூஸ் கச்சேரிக்கு க்ளீவைக் கேட்டது. புளூஸும், கிழக்குக் கரைக் கிராமத்து வயலினும், பழைய நாட்டுப் பாடல்களும் சேர்ந்த இரண்டு மணித்தியால நிகழ்ச்சி. நேரடி ஒலிபரப்பு. ஒரு பாட்டுக்கு அன்ரனையும் கூட்டிக்கொண்டு வருவேன் என்று க்ளீவ் சொல்லிவிட்டார். எங்களை உலுப்பிய செய்தி அதற்குப் பிறகு வந்தது. இந்த நிகழ்ச்சியை அன்றைக்கு வெளிநாடுகளுக்கான சிற்றலையிலும் ஒலிபரப்பப் போகிறார்களாம். ஆசியாவிலும் கேட்குமாம்.

அன்ரனிடம் ஒரு மெட்டு இருந்தது. வார்த்தை கிடையாது. றீற்றா பூசைக்குப் போகிற வழியில் ஒரு மதிலில் ஏறி இருந்து, அவள் வருகிற நேரம் பார்த்து வாசிப்பானாம். நடுவில் அது மேலே மேலே ஏறும். உச்சிக்கு ஒரு மயிரிழை கீழே நின்றுவிடும். அவனால் அதை ஒருநாளும் எட்ட முடிந்ததில்லை. க்ளீவ் அதைக் கேட்டுவிட்டு, அந்த இடத்தை மட்டும் திருத்திவிடாதே என்று சொல்லியிருந்தார்.

அன்ரன் றீற்றாவுக்குக் கடைசியாக ஒரு கடிதம் எழுதினான். எந்த ஞாயிற்றுக்கிழமை, சிற்றலையில் எந்த மீற்றர், விடிய ஆறு மணி. பதில் எழுத வேண்டாம், கேட்டால் போதும் என்று முடித்தான். கொழும்புக்குப் போகிற ஒரு கன்னியாஸ்திரியிடம் அது போனது.

மணிக்கூடு

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். ஊரில் எங்கள் பக்கத்தில் அப்போது மின்சாரம் இல்லை, பற்றரியும் இல்லை. றேடியோ கேட்பதென்றால் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, அதன் டைனமோவிலிருந்து றேடியோவுக்கு வயர் இழுத்து, ஒருவர் ஏறி மிதிக்க வேண்டும். கெதியாய் மிதித்தால் றேடியோ எரிந்து போகும். மெதுவாய் மிதித்தால் சத்தம் செத்துப் போகும். ஒரே சீராக மிதிக்க வேண்டும். செய்தி கேட்பது ஒரு உடற்பயிற்சியாக இருந்த காலம் அது.

அந்த வருடம் அரசாங்கம் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக நாட்டின் மணிக்கூட்டையே ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவைத்தது. கொழும்பு மாறியது. வன்னி மாறவில்லை. அங்கே பழைய நேரம்தான். லைற்றே இல்லாத சனத்துக்கு லைற்றை மிச்சம் பிடிக்கிற நேரம் எதற்கு என்று இவர் கேட்டது சரிதான். ஆனால் நிவாரண லொறி புது நேரத்தில் வரும், கோயில் மணி பழைய நேரத்தில் அடிக்கும். மடு முகாமில் இரண்டும் கலந்து கிடந்தது. ஒரே சின்னத் தீவில் இரண்டு ஆறு மணி.

இதெல்லாம் எங்களுக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஊர் என்றால் எங்களுக்கு நாங்கள் விட்டுவிட்டு வந்த ஊர்தான், அங்கே நாங்கள் விட்டுவிட்டு வந்த நேரம்தான். என் குசினிச் சுவரில் ஊர் நேரத்துக்கென்று மாட்டியிருந்த மணிக்கூடும் பழைய நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தது.

கச்சேரி நாள் மத்தியானம் கொழும்பிலிருந்து என் தங்கச்சி ஃபோன் எடுத்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒன்பதரையாச்சே, சாப்பிட்டியோ என்று கேட்டேன். பத்தரை அக்கா, நேரம் மாத்தினது மறந்துபோச்சோ என்று சிரித்தாள். என்ன சொல்லி ஃபோனை வைத்தேன் என்று ஞாபகமில்லை.

பேஸ்மன்ற் படியில் பாதி இறங்கி நின்றுகொண்டே கேட்டேன்.

“அன்ரன், நீ றீற்றாவுக்கு எழுதினது எந்த ஆறு?”

அவன் கிற்றாருக்குப் புதுத் தந்தி போட்டுக்கொண்டிருந்தான். “விடிய ஆறு, அக்கா.”

“அது தெரியும். பழைய நேரமோ, புது நேரமோ?”

தந்தியை முறுக்கின கை அப்படியே நின்றது.

அவனுக்குக் கொடுத்திருந்த நேரம் இங்கே எட்டரை மணி. பழைய நேரப்படி அது ஊரில் விடிய ஆறு. அவன் அப்படித்தான் கணக்குப் பார்த்திருந்தான். றீற்றா புது நேரத்து ஆறு மணிக்கு ஏறினாளென்றால் இங்கே ஏழரை. இவன் அந்த நேரம் திரைக்குப் பக்கத்தில் சும்மா கதிரையில் இருப்பான்.

“அவள் ஏறுவாள் அக்கா. என்ரை சத்தம் கேக்கேல்லையெண்டால் இறங்கிடுவாள். பேந்து ஏறமாட்டாள். எனக்கு அவளைத் தெரியும்.”

முகாமுக்குத் தொலைபேசி கிடையாது. கடிதம் போய்ச் சேர மாதக்கணக்கு.

க்ளீவின் அம்மா

மண்டபத்துக்குப் போனதும் விஷயத்தை விளங்கப்படுத்துகிற வேலை என் தலையில் விழுந்தது. அன்ரனுக்கு அன்றைக்கு ஆங்கிலம் முழுக்க மறந்துபோயிருந்தது. மேடையில் சிரித்துப் பேசப்போகிற அந்தப் பெண்தான் நிகழ்ச்சித் தயாரிப்பாளர். காதில் மாட்டிய கருவியை ஒரு பக்கம் விலக்கிவிட்டு நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டாள். அவளுக்கு விளங்கியது. விளங்கியதால் இன்னும் கவலைப்பட்டாள். ஆனால் முடியாது என்றாள். எட்டு மணிக்குச் செய்தி. அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு நிமிடமும் எழுதி வைத்தபடிதான் போக வேண்டும். ஏழரை மணி க்ளீவின் சொந்தப் பாட்டுக்கு. ஒரே மெட்டை ஒரே நிகழ்ச்சியில் இரண்டு தரம் வாசிக்க ஒருவரும் விடமாட்டார்கள்.

க்ளீவ் சுவரில் சாய்ந்தபடி நின்றிருந்தார். மனைவி எந்த ஆறு மணியில் இருக்கிறாள் என்று என்னிடம் கேட்டார். அது தெரியாது, அதுதானே பிரச்சினை என்றேன்.

அவர் தன் வீட்டுக் கதை ஒன்று சொன்னார். அப்பா ரயிலோடு கனடாவின் ஒரு கரையிலிருந்து மற்றக் கரைக்குப் போய் வருகிறவர். போகப் போக மணிக்கூடு மாறும். வீட்டில் அம்மா அப்பாவின் நேரத்துக்கென்று தனியாக ஒரு மணிக்கூடு வைத்திருந்தாளாம். அவர் அங்கே சாப்பிடுகிற நேரத்துக்குத் தானும் ஒரு வாய் சாப்பிடுவாளாம். பிறகு பிள்ளைகளோடு வீட்டு நேரத்துக்கும் சாப்பிடுவாளாம்.

“எங்கள் அம்மா குண்டாக இருந்தது அதனால்தான்” என்றார் க்ளீவ். ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்.

ஏழரை

விளக்கு எரிந்தது. வயலின்காரர்கள் வாசித்தார்கள். ஒரு அம்மா அக்கோடியனோடு பாடினாள். நல்லாய்த்தான் இருந்திருக்கும். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. மணிக்கூட்டின் சிவப்பு முள் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஏழரைக்குச் சற்று முன் க்ளீவ் மைக்குக்கு முன்னால் வந்து இருந்தார். தன் பாட்டைத் தொடங்குவார் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, திரைப் பக்கம் திரும்பிக் கையால் கூப்பிட்டார். அன்ரன் தன்னை இல்லை என்று நினைத்துப் பின்னால் திரும்பிப் பார்த்தான். பின்னால் ஒருவரும் இல்லை.

கண்ணாடி அறைக்குள் இருந்த தயாரிப்பாளர் எழுந்து நின்று தலையில் கைவைத்தாள்.

க்ளீவ் மைக்கில் ஆறுதலாகச் சொன்னார். இந்த மனிதனின் ஊரில் இரண்டு ஆறு மணி இருக்கிறது. மனைவி அதில் ஒன்றில் றேடியோவுக்குப் பக்கத்தில் இருப்பாள். எது என்று எங்களுக்குத் தெரியாது. இது முதலாவது.

சனம் மெல்லச் சிரித்தது, பிறகு அமைதியாகிவிட்டது.

அன்ரன் கரண்டிக் காம்பை எடுத்தான். முதல் இழுவை கொஞ்சம் கரகரத்தது. க்ளீவ் மிகவும் தணிந்து, தாளத்துக்கு மட்டும் ஒன்றிரண்டு தந்திகளைத் தட்டிக்கொடுத்தார். மெட்டு ஏறத் தொடங்கியது. நாலு பேருக்கு முன்னால் என் கையைத் தொட்டே அறியாத இவர், என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மெட்டு உச்சிக்குப் போய், வழக்கம் போல எட்டாமல் நின்று, இறங்கியது.

எட்டு மணிச் செய்தி நேரத்தில் தயாரிப்பாளர் எங்களை நோக்கி விறுவிறென்று வந்தாள். சண்டை பிடிக்க வேண்டி வந்தால் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை எல்லாம் ஒன்று சேர்த்து வைத்துக்கொண்டேன். அவள் கேட்டது வேறு. இரண்டாவது ஆறு மணி சரியாக எட்டரையா, அல்லது எட்டரை போலவா? சரியாக எட்டரை என்றேன். வயலின்காரரின் கடைசிப் பாட்டைப் பின்னுக்குத் தள்ளிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது என் தோளை ஒரு தரம் தொட்டாள். அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டேன், நல்லாய் இருக்கட்டும்.

எட்டரை

இரண்டாம் தரம் அன்ரனின் இழுவை கரகரக்கவில்லை. க்ளீவ் கிற்றாரைக் கீழே வைத்துவிட்டார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். மெட்டு முதலில் கேட்டது போலவேதான் இருந்தது, ஆனால் அந்தத் தரம்தான் எனக்கு அது முழுக்கக் கேட்டது. நான் வெட்கம் பாராமல் அழுதேன். சத்தம் வரக்கூடாது என்பதால் சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டேன்.

முடிந்ததும் இவர் பிளாஸ்டிக் பையோடு எழும்பினார். உள்ளே பொன்னாடை. எங்கள் ஆட்கள் மேடையில் ஒருவர் நல்லாய் ஏதும் செய்தால் சும்மா விடமாட்டார்களே. “றேடியோவிலை பொன்னாடை தெரியாது, இருங்கோ” என்று வேட்டியைப் பிடித்து இழுத்து இருத்தினேன். பிறகு வெளியே நடைபாதையில் வைத்து அதை க்ளீவுக்குப் போர்த்தினார். க்ளீவ் அதைப் போர்த்தபடியே பஸ்ஸில் ஏறிப் போனார்.

ஊரிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. இலை உதிர்ந்தது, பனி கொட்டியது. அன்ரன் கிற்றாரைத் தொடவில்லை. பேஸ்மன்றிலிருந்து மேலே வந்தது வெறும் சூடு மட்டும்தான். மாரி முடிகிற நேரம் என் தங்கச்சி எடுத்து, றீற்றா கொழும்புக்கு வந்து நிற்பதாகவும், தன்னைக் கூப்பிடுகிற அலுவலைப் பார்க்கச் சொன்னதாகவும் சொன்னாள். கச்சேரியைக் கேட்டாளா என்று விசாரிக்கச் சொல்லட்டுமா என்றேன். அன்ரன் வேண்டாம் என்றான். கேட்கவில்லை என்று பதில் வந்தால் தாங்கமாட்டான் என்று எனக்கு விளங்கியது.

றீற்றா

அவள் வந்து சேர இன்னும் இரண்டு மாரி பிடித்தது. விமான நிலையத்திலிருந்து நேரே எங்கள் குசினிக்குத்தான் கூட்டிக்கொண்டு வந்தான். நல்ல உயரம், மெலிந்த உடம்பு, பெரிய கண். குளிர்ச் சட்டையைக் கூடக் கழற்றாமல் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

“நீங்களோ அந்தப் பொம்பிளை?”

“ஓம், நான்தான்” என்றேன்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்ரன் மட்டும் சிரிக்கத் தெரியாமல் நின்றான்.

இடியப்பமும் சொதியும் வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் சுவரில் இருந்த இரண்டாவது மணிக்கூட்டைப் பார்த்து, அது எங்கத்தை நேரம் என்று கேட்டாள். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. நீர் எந்த ஆறிலை கேட்டனீர் என்று கேட்டேவிட்டேன். அன்ரன் பிசைந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

கடிதம் கிடைத்ததாம். கோபத்தில் இரண்டு நாள் அதைத் திறக்கவில்லையாம். பொய்யென்றால் பொய்யென்று தெரிந்துபோகட்டும் என்றுதான் அந்த ஞாயிறு எழும்பினாளாம். முகாமில் ஒரு வாத்தியாரிடம் றேடியோவும் சைக்கிளும் இருந்தன. எந்த ஆறு என்று எழுதவில்லையே என்று வாத்தியார் கேட்டபோதுதான் அவளுக்கும் அது தெரிந்தது. முதலில் வருகிற ஆறு புது நேரத்து ஆறு. இருட்டு விலகமுதலே ஏறி மிதித்தாள்.

இரைச்சல், பிறகு இங்கிலீசு, பிறகும் இரைச்சல். திடீரென்று மெட்டு வந்தது.

“உப்பிடி இன்னொருத்தரும் வாசிக்கலாம் எண்டு நினைச்சன் அக்கா. மேலை ஏறி, அந்த இடத்திலை எட்டேல்லை. அப்பத்தான் நம்பினன்.”

அன்ரன் தலையைக் குனிந்துகொண்டான். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அப்பாடா, இறங்கிப் பூசைக்குப் போயிருப்பீர் என்றேன். கோயில் மணி பழைய நேரத்தில் என்பது எனக்குத் தெரியும். பூசைக்கு நல்லாய் நேரம் இருந்திருக்கும்.

“இல்லை. இறங்கேல்லை. பூசைக்கு மணி அடிச்சுது, நான் போகேல்லை. மற்ற ஆறு வருமட்டும் மிதிச்சன்.”

ஒரு முழு மணித்தியாலம். வாத்தியாரின் பிள்ளைகள் விழித்து வந்து சுற்றி நின்று பார்த்தார்களாம். கால் விறைத்துப் போய்விட்டதாம். அன்ரன் வீட்டுக்குள் வந்த பிறகு முதல் தரமாக வாய் திறந்தான்.

“ஏன் றீற்றா? அதுதான் கேட்டிட்டீரே.”

“நான் எந்த ஆறிலை இருக்கிறன் எண்டு உங்களுக்குத் தெரியாதெல்லோ. நீங்கள் மற்ற ஆறிலையும் வாசிச்சால், கேக்க ஒரு ஆள் வேணுமெல்லோ” என்றாள். “வாசிச்சீங்கள்தானே.”

சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் சொதி விடச் சொல்லி என்னிடம் கோப்பையை நீட்டினாள்.